எல்லாப் பயலும் பாஸ்

மே மாதம் வந்தால் எங்கள் ஊருக்கு ஒரு கெத்து வந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வெளியாகும் காலையில் மாவட்டப் பட்டியலைக் கீழிருந்து தேடுகிற வேலை திருப்பூர்க்காரனுக்கு இல்லை. 2019-இல் 95.37 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம். அதே ஆண்டு பத்தாம் வகுப்பிலும் 98.53 எடுத்து முதலிடம். 2020-இல் 97.12, மறுபடியும் முதலிடம். 2023-இல் விருதுநகர் 97.85 எடுத்துவிட, நாங்கள் 97.79-இல் நின்றோம். அந்த 0.06-க்காக டீக்கடையில் துக்கம் விசாரித்தார்கள். அடுத்த ஆண்டே 97.45 எடுத்து முதலிடத்தை மீட்ட பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது. 2025-இல் அரியலூரும் ஈரோடும் முந்திக்கொண்டன. மூன்றாமிடம் என்பதால் அந்த வருஷம் பேனர் கொஞ்சம் சின்னது.

நான் 1984-இல் பத்தாவது எழுதியவன். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எங்கள் செட்டுக்குச் சிரிப்புத்தான் வரும். பெயிலாவதையே ஒரு குடிசைத் தொழிலாக நடத்திக்கொண்டிருந்த ஊர் இது. நல்லவேளையாக அன்றைக்கு நாங்கள் கோயம்புத்தூர் மாவட்டம். 2009-இல்தான் கோவையிலும் ஈரோட்டிலும் தாலுகாக்களை வெட்டி எங்களுக்கென்று ஒரு மாவட்டம் தைத்துக் கொடுத்தார்கள். அதுவரை எங்கள் பெயில்களெல்லாம் கோவையின் கணக்கில் போனதால் ஊர் மானம் தப்பியது.

நான் படித்தது ஊரை ஒட்டிய பாளையம் ஒன்றில். திருப்பூரைச் சுற்றிலும் பாளையங்கள்தான்: அனுப்பர்பாளையம், ஆண்டிபாளையம், முருகம்பாளையம், போயம்பாளையம். ஒன்றுக்குப் பெயருக்கு முன்னால் நம்பரே உண்டு, 15 வேலம்பாளையம். சோளக்காடும் கிணறும் ஓட்டு வீடுமாகத் தனித்தனியே கிடந்த ஊர்கள் அவை. 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் பக்கத்து ஊராட்சிகளையும் மாநகராட்சி தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதற்கு வெகுகாலம் முன்பே பனியன் கம்பெனி சேர்த்துக்கொண்டுவிட்டது.

எங்கள் பள்ளியில் வாத்தியார் வருகைப் பதிவேட்டை வாசிப்பதே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி இருக்கும். முன்வரிசையில் தோட்டத்துக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள். அதற்குப் பின்னால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் பாத்திரப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும். கடைசி பெஞ்சில், யாரும் அங்கே போய் உட்காரச் சொல்லாமலே, காலனியிலிருந்து வரும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். எட்டாவது வாக்கில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்து வாடகைக்குக் குடியேறியவர்களின் பிள்ளைகள். நாங்கள் 'அக்கட்டால போடா' என்போம்; அவர்கள் 'அங்கிட்டுப் போடா' என்பார்கள். காட்டுகிற திசை ஒன்றுதான், சண்டை மட்டும் தினமும் நடந்தது.

பதிவேட்டில் பெயர் இருந்தாலும் ஆள் இருப்பதில்லை. ஏழாவதிலிருந்தே ஒவ்வொருவனாகக் கைமடி வேலைக்கு நழுவிவிடுவான். ஓவர்லாக் மெஷினில் டெய்லர் பீஸை ஓட்டித் தள்ளத் தள்ள, பக்கத்தில் நின்று அதை வாங்கி, தொங்கும் நூலைக் கத்தரித்து, திருப்பி மடித்து, கட்டுக்கட்டாக அடுக்குகிறவன் கைமடி. உட்கார ஸ்டூல் கிடையாது. சனிக்கிழமை சம்பளம். வாத்தியார் வீட்டுக்கே வந்து அப்பனிடம் சத்தம் போட்டால் சில நாள் மட்டும் வகுப்புக்கு வருவான். அப்போது அவன் காதோர மயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். கம்பெனியில் என்ன கலர் ஓடுகிறது என்பதை அவன் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு முழு ஆண்டுத் தேர்வு ரோஸ் கலரில் நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மதியச் சோறாவது பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துமா என்றால், எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-இல் வந்தபோது சின்னப் பிள்ளைகளுக்குத்தான். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு அது 1984-இல் நீண்டபோது நாங்கள் பத்தாவதை முடித்திருந்தோம். முடித்திருந்தோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

ரிசல்ட் மாலைப் பேப்பரில் வரும். பாஸானவர்களின் நம்பர் மட்டும் அச்சாகியிருக்கும். பெயிலானவனுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பரைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு விரலால் தடவித் தேடுவோம். மற்ற ஊர்களில் நம்பர் வராதவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது என்பார்கள். எங்கள் ஊரில் அப்படியொரு சோகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு முழுவதும் இவ்வளவுதான்: "என்னடா, நம்பர் வல்லியா?" "வல்லீங்ப்பா." "செரி, திங்கக்கெழம மாமங்கூடக் கெளம்பு." பெயிலுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

எனக்கு நம்பர் வந்துவிட்டது. பாவம், எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அதனால் பிளஸ் டூ படித்தேன். அப்புறம் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியில் பி.காம். எல்லாம் முடித்துவிட்டு வேலை தேடி வெளியே வந்தபோது, நம்பர் வராத என் வகுப்புத் தோழன் ஒருவன் மாமனாருடைய தோட்டத்துச் சாளையில், அதாவது கொட்டகையில், நாலு பவர் டேபிள் தையல் மெஷின் போட்டுத் தொழில் ஆரம்பித்திருந்தான். கணக்கு எழுதப் பட்டதாரி ஒருத்தன் வேண்டும் என்றான். போய் உட்கார்ந்தேன். வெளிநாட்டு பையரிடமிருந்து பேக்ஸ் வந்தால் வாசித்துச் சொல்வதும் என் வேலை. நான் 'வித் ரெபரன்ஸ் டு யுவர்' என்று தொண்டையைச் செருமித் தொடங்குவேன். அவன் எட்டிப் பார்த்து, டாலர் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் படித்துவிட்டு, "கட்டாதுன்னு எழுதிப் போடு" என்று எழுந்து போய்விடுவான். அந்த 'கட்டாது'வை ஒரு பக்க ஆங்கிலமாக நீட்டித் தருவதற்குத்தான் பல்கலைக்கழகம் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தது.

பெயிலானவன் முதலாளி, பாஸானவன் கணக்குப்பிள்ளை. திருப்பூரில் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. எழுபதுகளின் கடைசியில் மெல்லத் தொடங்கிய பின்னலாடை ஏற்றுமதி 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது இப்படிப்பட்டவர்களால்தான் என்று மேடையில் சொல்வார்கள், கைதட்டலும் விழும். கதையில் பொய் இல்லை, பாதிதான் இருக்கிறது. விவசாயக் கூலியாகவும் பனியன் தொழிலாளியாகவும் இருந்து முதலாளியானவர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் 'உழைப்பு'. என் தோழனும் அதைத்தான் சொல்வான். அவன் உழைத்ததை நான் கண்ணால் பார்த்தவன். மாமனாருடைய சாளையையும் பார்த்தவன். கடன் சொல்லி நூல் வாங்கப் பங்காளி ஒருத்தர் இருந்ததையும் பார்த்தவன். அதே வருஷம் அதே பேப்பரில் நம்பர் வராத கடைசி பெஞ்சுக்காரனும் உழைத்தான். அவனுக்குச் சாளை இல்லை, மாமனார் இல்லை, கடன் கொடுக்கிற பங்காளி இல்லை. இருபத்தாறு வருஷம் சாயப்பட்டறையில் துணி முக்கி எடுத்தான். 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது அவனுக்கு அந்த வேலையும் போனது. பெயிலானதிலும் முன் பெஞ்சு, கடைசி பெஞ்சு உண்டு.

பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது எப்படி என்று கேட்டால் ஆசிரியர்கள் ஒரு காரணம் சொல்வார்கள், அரசாங்கம் ஒரு காரணம் சொல்லும். நான் கணக்குப்பிள்ளை, எனக்கு ரசீது காட்டும் காரணம்தான் தெரியும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலேயே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் கைமடிப் பிள்ளைகள் பின்வாசல் வழியாகச் சோளக்காட்டுக்குள் போய்விடுவார்கள். ஜீப் போன பிறகு ஆளனுப்பித் தேடிக் கூட்டிவர அரை ஷிப்ட் ஆகும். அந்த அரை ஷிப்டுக்குப் பிள்ளைகளின் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். 1992-இல் அமெரிக்க செனட்டில் ஹார்க்கின் என்ற உறுப்பினர், குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனால் பையர்கள் பயந்துவிட்டார்கள். ஆடிட் என்று ஒருவர் வந்து கம்பெனிக்குள் கைமடியின் உயரத்தைப் பார்த்தார். கலெக்டர், இன்ஸ்பெக்டர், எங்கள் கணக்கு வாத்தியார் எல்லாரும் சேர்ந்து செய்ய முடியாததை ஆர்டர் கேன்சலாகும் என்ற ஒரு வரி பேக்ஸ் செய்து காட்டியது. அதற்கு மேல் பஸ் பாஸ், சைக்கிள், லேப்டாப், பாடப் புத்தகம் என்று அரசாங்கம் அடுக்கிக்கொண்டே போனது, பிள்ளைகள் நின்றார்கள்.

முதலாளிகளின் பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்பது தனிக் கதை. சாளை கம்பெனியானதும் வாசலில் மஞ்சள் வேன் வந்தது. முதலில் மெட்ரிக். பிறகு, பாஸாவதெல்லாம் போதாது, டாக்டராக வேண்டும் என்று நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகள். அங்கே பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். பதினொன்று என்று ஒரு வகுப்பு இருப்பதையே பிள்ளைகள் மறந்துபோனார்கள். அதை ஞாபகப்படுத்த 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நீட் வந்த பிறகு நாமக்கல் மவுசு குறைந்து ஊருக்குள்ளேயே சி.பி.எஸ்.இ. பள்ளிகள் வந்தன. பெயிலான அப்பன், பையனின் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு இன்டர்வியூவில் போய்க் கைகட்டி உட்கார்ந்து 'எஸ் மேடம்' என்றதை நான் கூடப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு அவன் முகத்தில் தெரிந்த பயத்தை 1984 மாலைப் பேப்பர்கூட வரவழைக்கவில்லை.

அவர்கள் காலிசெய்த அரசுப் பள்ளி பெஞ்சில் தேனிக்காரர், மதுரைக்காரர் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்தார்கள். இன்றைக்கு ஊர் பீற்றிக்கொள்ளும் தேர்ச்சிச் சதவீதத்தில் பெரும் பங்கு அந்தப் பெஞ்சுடையது என்று நான் நினைக்கிறேன். அப்பா சிங்கர் டெய்லர், அம்மா செக்கிங், இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். பிள்ளை மட்டும் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று வைராக்கியம். பள்ளியிலும் சும்மா விடுவதில்லை. பெயிலாகக்கூடியவன் என்று சொல்லக் கூடாதாம், 'மெல்லக் கற்போர்' என்று சொல்ல வேண்டுமாம். அவர்களைத் தனியே பிரித்து, இருட்டும்வரை ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, சுண்டல் கொடுத்து, 35 மார்க்குக்கு எந்தெந்தக் கேள்வி போதும் என்று எழுதி எழுதிப் பழக்குகிறார்கள். ஒருத்தன் இரண்டு நாள் வரவில்லை என்றால் ஆசிரியர் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போகிறார். எங்கள் காலத்து வாத்தியாரும் வந்தார். அன்றைக்கு அவர் அப்பனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்றைய அப்பன் ஆசிரியரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "நாலு அடி போடுங்க சார்" என்கிறான்.

சதவீதக் கணக்கில் எனக்குத் தொழில்முறைச் சந்தேகம் ஒன்று உண்டு. தேர்ச்சிச் சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று மாநிலம் முழுக்க ஐம்பதாயிரம் பேர் ஹாலுக்கே வரவில்லை. அவர்கள் பெயில் அல்ல, கணக்கிலேயே இல்லை. அந்த மாலைப் பேப்பரில் பெயிலானவன் நம்பர் இல்லாத மாதிரிதான். இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். திருப்பூர் மாவட்டம் அதற்கும் கொஞ்சம் கீழே. எட்டே வருஷத்தில் பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் ஒருசேர முதலிடம். பள்ளி மாறியது உண்மை. கூடவே இன்னொரு வசதியும் இருக்கிறது: எங்களுக்கு வேண்டிய பெயில்களை நாங்கள் உள்ளூரில் தயாரிப்பதை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து தருவித்துக்கொள்கிறோம். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து ஸ்பின்னிங் மில் விடுதிகளில் வேலைக்குச் சேர்த்த பெண் பிள்ளைகள் தென் மாவட்டங்களில் படிப்பை விட்டவர்கள். இப்போது தன்பாத்–ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பையன்கள் அந்தந்த மாநிலத்தில் படிப்பை விட்டவர்கள். இடைநிற்றல் அவர்கள் ஊர்க் கணக்கில் ஏறும், உற்பத்தி எங்கள் ஊர்க் கணக்கில் ஏறும். கணக்குப்பிள்ளையாக இருந்தவன் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமான பேலன்ஸ் ஷீட்டை நான் எழுதியதில்லை.

போன வருஷம் என் பழைய பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு கொடுக்கும் விழா. அரசாங்கத்தின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்த பிறகு இப்படி நன்கொடை கொடுப்பது ஒரு மரியாதையாகிவிட்டது. கொடுத்தவன் என் முதலாளித் தோழன். எடுபிடியாக நானும் போனேன். தலைமை ஆசிரியர் அறையில் எங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாயோடு நின்றிருந்தாள். தாய்க்கு ஒடியா மட்டும்தான் தெரியும். மகளே துபாஷி.

"உங்க பொண்ணு அடிக்கடி லீவு போடுது. ஹோம் ஒர்க் எழுதறதே இல்லை. இப்படியே போனா கஷ்டம்னு அம்மாகிட்டச் சொல்லு" என்றார் தலைமை ஆசிரியை. சிறுமி நீளமாக ஏதோ சொன்னாள். தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆசிரியையைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்ன சொன்னே?"

"நான் நல்லாப் படிக்கறேன்னு நீங்க சொன்னீங்கன்னு சொன்னேனுங் மிஸ்."

"லீவு ஏன் போடறே?"

"அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்டுங் மிஸ். தம்பியப் பாத்துக்க ஆளில்லீங்."

ஒடிசாவில் பிறந்த பிள்ளையின் வாயில் அந்த 'ங்' எங்களைவிடச் சுத்தமாக இருந்தது. தமிழில் வகுப்பிலேயே முதல் மார்க் அவள்தான் என்றார் ஆசிரியை. என் தோழனின் பேரன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் டேர்ம் தவறாமல் ஃபீஸ் கட்டி ஹிந்தி படிக்கிறான். இவள் ஃபீஸ் இல்லாமல் தமிழ் படிக்கிறாள். இரண்டு பேரும் சந்தித்தால் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குக் கவலையில்லை. சந்திக்க மாட்டார்கள்.

தேனிக்காரர் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். "அவங்கெல்லாம் இப்ப வேன்ல போறாங்க சார்" என்றார். சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவர்கள், செக்கிங் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள், வேலையில் சேர்ந்த பழைய மாணவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் மஞ்சள் வேனில் ஏறியாயிற்று. எந்தக் கூட்டம் வந்தாலும் ஒரு தலைமுறைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பாஸாகி, எழுந்து போய்விடுகிறது. எழுந்தவர் திரும்பி வருவது ஸ்மார்ட் போர்டு கொடுக்கத்தான்.

விழாவில் என் தோழன் பேசினான். படிப்புத்தான் அழியாத சொத்து என்றான். கண் கலங்கியது, நிஜமாகவே. இறங்கி வந்ததும் ஆசிரியையிடம் கேட்டான்: "ஏனுங், இந்த வருசம் பத்தாவதுல எத்தனை பேர் பெயிலுங்க?"

"ஒருத்தருமில்லீங்க. நூறு சதவீதம்."

"சந்தோசமுங்க" என்றவன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "எல்லாப் பயலும் பாஸாயிட்டா அப்புறம் மெஷின்ல யார்ரா உக்கார்றது?" அங்கேயே செல்லை எடுத்துக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு முன்னால் இன்னும் முப்பது பேராவது ஒடிசாவிலிருந்து வேண்டும் என்றான். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "குடும்பத்தோட வந்தாலும் பரவால்ல, ரூம் போட்டுத் தர்றேன்."

தலைமை ஆசிரியை காதில் அது விழுந்துவிட்டது. ஆகஸ்டு முதல் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் பணி நிரவலில் ஆளைத் தூக்கிவிடுவார்கள். அவர் இரண்டடி முன்னால் வந்து சொன்னார்:

"குடும்பத்தோடயே வரச் சொல்லுங்கண்ணா. தீபாவளி வரைக்கும் எதுக்கு? ஜூலைக்குள்ள வந்தா எங்களுக்கும் உதவியா இருக்கும்."